பழைய போனைக் கைமாற்றும் முன்: டெலீட் செய்தால் மட்டும் போதுமா?

பண்டிகை நெருங்கினால் போதும், சேலம் ஐந்து ரோடு பக்கமும் நாமக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கமும் போன் கடைகளில் "பழசைக் கொடுங்க, புதுசை எடுத்துட்டுப் போங்க" என்று போர்டு வைத்துவிடுவார்கள். கிராமத்துப் பக்கம் என்றால் கடைக்குக்கூடப் போக வேண்டாம். மொபெட்டில் மைக் கட்டிக்கொண்டு "பழைய செல்போன், உடைஞ்ச செல்போன் எடுக்கிறோம்" என்று வீதிக்கே வருகிறார்கள். மேசை டிராயரில் சும்மா கிடக்கும் போனுக்கு ஒரு பிளாஸ்டிக் குடமோ, இருநூறு ரூபாயோ கிடைத்தால் லாபம்தானே என்று நாமும் கொடுத்துவிடுகிறோம்.

கொடுப்பதில் தப்பில்லை. ஆனால் அந்தப் போனுக்குள் என்னென்ன இருக்கிறது என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக் முதல் பக்கம், பிள்ளைகளின் மார்க் ஷீட் என எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வைத்திருப்போம். இ-சேவை மையத்துக்கு அனுப்பிய சான்றிதழ்கள் வாட்ஸ்அப்பில் இருக்கும். குடும்பப் போட்டோக்கள், யுபிஐ ஆப், மெயில், இதோடு நூற்றுக்கணக்கான நம்பர்கள். போனின் விலை இருநூறு ரூபாய்தான். உள்ளே இருக்கும் தகவலுக்கு விலையே கிடையாது.

இதெல்லாம் வெறும் பயமுறுத்தல் இல்லை. 2024 ஆகஸ்டில் தெலங்கானாவின் ராமகுண்டம் பகுதியில் பீகாரைச் சேர்ந்த மூன்று பேரை சைபர் கிரைம் போலீசார் கைது செய்தார்கள். அவர்களிடம் இருந்து சிக்கியவை சுமார் 4,000 பழைய போன்கள். கிராமம் கிராமமாகச் சுற்றி மக்களிடம் வாங்கிச் சேர்த்தவை அவை. அவற்றின் பாகங்களைச் சரிசெய்து, சைபர் மோசடிக் கும்பல்களுக்குக் கொடுப்பதுதான் திட்டம் என்று போலீசார் தெரிவித்தார்கள். வீதியில் குடத்துக்குக் கொடுத்த போன் எங்கே போய்ச் சேரும் என்பதற்கு இது ஓர் உதாரணம்.

அப்படியானால் பழைய போனை எப்படிக் கொடுப்பது? பென்டிரைவ், மெமரி கார்டு, லேப்டாப் இவற்றை என்ன செய்வது? போன் தொலைந்தே போனால் என்ன செய்வது? வரிசையாகப் பார்ப்போம்.

டெலீட் செய்தால் என்ன நடக்கிறது?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு குடோன் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த மூட்டை எந்த வரிசையில் இருக்கிறது என்று ஒரு பேரேட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். பேரேட்டில் ஒரு வரியை அடித்துவிட்டால் மூட்டை காணாமல் போய்விடுமா? போகாது. அதே இடத்தில்தான் கிடக்கும். புது லோடு வந்து அந்த இடத்தில் இறங்கும்போதுதான் பழைய மூட்டை வெளியே போகும்.

ஹார்ட் டிஸ்க், பென்டிரைவ், மெமரி கார்டு இவற்றில் டெலீட் செய்தால் நடப்பது இதுதான். பேரேட்டில்தான் கோடு விழுகிறது. குயிக் ஃபார்மட் என்பது பேரேட்டையே கிழித்துப் போட்டு புதுசு வைப்பது. மூட்டைகள் அப்படியே கிடக்கும். ரெகவரி சாப்ட்வேர் என்று இணையத்தில் கிடைப்பவை பேரேட்டைப் பார்க்காமல் குடோனுக்குள் நேரே போய் மூட்டைகளை எண்ணுகின்றன.

அமெரிக்காவில் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த சிம்சன் கார்ஃபிங்கலும் அபி ஷெலட்டும் 2000-க்கும் 2002-க்கும் இடையில் 158 பழைய ஹார்ட் டிஸ்குகளை விலைக்கு வாங்கிச் சோதித்தார்கள். வேலை செய்தவை 129. அவற்றில் முறையாக அழிக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே. ஒரு டிஸ்க் ஏடிஎம் இயந்திரத்தில் இருந்து வந்தது. அதில் வாடிக்கையாளர்களின் கணக்கு எண்கள் அப்படியே இருந்தன.

போனில் ரீசெட் செய்தால் எப்படி அழிகிறது?

இன்றைய ஸ்மார்ட்போன் வேறு மாதிரி வேலை செய்கிறது. உள்ளே போகும் ஒவ்வொரு மூட்டையும் பூட்டப்பட்டே உள்ளே போகிறது. இதற்கு என்க்ரிப்ஷன் என்று பெயர். பூட்டைத் திறக்கும் சாவி போனுக்குள்ளேயே பத்திரமாக இருக்கிறது. உங்கள் பின் நம்பரையோ பேட்டர்னையோ போட்டால்தான் அது வெளியே வரும். ஃபேக்டரி ரீசெட் செய்யும்போது போன் அந்தச் சாவியை அழித்துவிடுகிறது. மூட்டை உள்ளே கிடந்தாலும் யாராலும் பிரிக்க முடியாது. அதனால்தான் இத்தனை ஜிபி போன் சில நிமிடங்களில் ரீசெட் ஆகிவிடுகிறது.

ஆனால் எல்லாப் போனும் அப்படி இல்லை. 2015-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லோரன் சைமனும் ராஸ் ஆண்டர்சனும் ஐந்து நிறுவனங்களின் 21 பழைய ஆண்ட்ராய்டு போன்களைச் சோதித்தார்கள். எல்லாம் ஆண்ட்ராய்டு 2.3 முதல் 4.3 வரையிலானவை. ரீசெட் செய்த பிறகும் அவற்றில் இருந்து மெசேஜ், போட்டோக்களை மீட்க முடிந்தது. ஐந்தில் நான்கு பங்கு போன்களில் கூகுள் கணக்கைத் திறக்க உதவும் தகவலையே எடுக்க முடிந்தது.

அதற்குப் பிறகு நிலைமை மாறியது. ஆண்ட்ராய்டு 10 உடன், அதாவது 2019-க்குப் பிறகு, சந்தைக்கு வந்த போன்கள் எல்லாவற்றிலும் என்க்ரிப்ஷன் கட்டாயம். அதற்கு முந்தைய போன் என்றால் செட்டிங்ஸில் செக்யூரிட்டி பகுதிக்குப் போய் "என்க்ரிப்டட்" என்று காட்டுகிறதா எனப் பாருங்கள். இல்லையென்றால் முதலில் என்க்ரிப்ட் செய்துவிட்டு, அப்புறம் ரீசெட் செய்யுங்கள். ஐபோனில் "எரேஸ் ஆல் கன்டென்ட் அண்ட் செட்டிங்ஸ்" கொடுத்தால் சாவி அழிந்துவிடும்.

ஒன்று கவனியுங்கள். ஸ்கிரீன் லாக்கே போடாமல் வைத்திருந்தால், கதவைப் பூட்டிவிட்டுச் சாவியைக் கதவிலேயே தொங்கவிட்ட மாதிரி. "எனக்கு எதுக்குங்க லாக்?" என்று கேட்கும் பெரியவர்களின் போனிலும் குறைந்தது ஆறு இலக்க பின் போட்டுக் கொடுங்கள்.

போனைக் கொடுக்கும் முன்: இந்த வரிசையில் செய்யுங்கள்

1. முதலில் புதுப் போனுக்கு எல்லாவற்றையும் மாற்றுங்கள். வாட்ஸ்அப், போட்டோ, நம்பர்கள் எல்லாம் புதுப் போனில் திறக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். பேங்க் ஆப், யுபிஐ இரண்டும் புதுப் போனில் வேலை செய்ய வேண்டும். பழைய போனை இரண்டு நாள் கழித்துக் கொடுத்தால் ஒன்றும் கெட்டுப்போகாது.

2. பழைய போனில் யுபிஐ, பேங்க் ஆப்களில் இருந்து லாக் அவுட் செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் "லிங்க்டு டிவைசஸ்" பகுதியில் தெரியாத கம்ப்யூட்டர் ஏதாவது இருந்தால் நீக்குங்கள்.

3. சிம் கார்டையும் மெமரி கார்டையும் கழற்றுங்கள். போனை ரீசெட் செய்தாலும் பெரும்பாலும் மெமரி கார்டு அழியாது. இ-சிம் என்றால் புதுப் போனுக்கு மாற்றிய பிறகு பழையதில் நீக்குங்கள்.

4. கூகுள் கணக்கை போனில் இருந்து நீக்குங்கள். ஐபோன் என்றால் ஐகிளவுடில் இருந்து சைன் அவுட் செய்யுங்கள்.

5. *#06# அடித்தால் 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். இரண்டு சிம் போனில் இரண்டு எண்கள் வரும். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

6. செட்டிங்ஸ் வழியாகவே "எரேஸ் ஆல் டேட்டா" அல்லது "ஃபேக்டரி ரீசெட்" கொடுங்கள். பட்டனை அழுத்திப் பிடித்துச் செய்யும் ரீசெட் வேண்டாம். ஏன் என்று அடுத்த பகுதியில் சொல்கிறோம்.

7. ரீசெட் ஆனதும் போனை ஒரு முறை ஆன் செய்யுங்கள். புதுப் போன் மாதிரி மொழியைக் கேட்க வேண்டும். பழைய மெயில் ஐடியையோ பழைய பின் நம்பரையோ கேட்டால் ஏதோ விட்டுப்போய்விட்டது என்று அர்த்தம்.

8. யாருக்குக் கொடுத்தாலும் ஒரு துண்டுச் சீட்டாவது வாங்குங்கள். தேதி, போன் மாடல், ஐஎம்இஐ எண், வாங்குபவர் பெயர், கையெழுத்து போதும். நாளைக்கு அந்தப் போனை வைத்து யாராவது தப்பு செய்தால், "இந்தத் தேதியிலேயே வித்துட்டேன்" என்று காட்ட உங்களிடம் ஆதாரம் இருக்கும்.

"உங்க பாஸ்வேர்டு மட்டும் சொல்லுங்க"

போனைத் திருடியவன் ரீசெட் செய்து விற்றுவிடக் கூடாது என்பதற்காக 2015-ல் ஆண்ட்ராய்டு 5.1 முதல் ஒரு பூட்டு வந்தது. ஐபோனில் அதற்கு முன்பே, 2013-ல் வந்துவிட்டது. பட்டனை அழுத்தி ரீசெட் செய்தால், போன் மறுபடி ஆன் ஆகும்போது பழைய உரிமையாளரின் கணக்கையோ பின் நம்பரையோ கேட்கும். திருட்டைத் தடுக்க நல்ல ஏற்பாடு. ஆனால் நாமே விற்கும்போது கணக்கை நீக்க மறந்தால், வாங்கியவர் மாட்டிக்கொள்வார்.

அப்போதுதான் கடைக்காரரிடம் இருந்து போன் வரும்: "அண்ணா, உங்க மெயில் பாஸ்வேர்டு மட்டும் சொல்லுங்க, ஓப்பன் பண்ணிக்கிறேன்." சொல்லாதீர்கள். அந்த ஒரு பாஸ்வேர்டில் உங்கள் மெயில், போட்டோ, சேமித்து வைத்த மற்ற பாஸ்வேர்டுகள் எல்லாம் திறந்துவிடும். நேரில் போய் நீங்களே டைப் செய்து கணக்கை நீக்கிக் கொடுங்கள். ஐபோன் என்றால் வீட்டில் இருந்தபடியே ஐகிளவுட் தளத்தில் அந்தப் போனை நீக்கலாம்.

மெமரி கார்டு, பென்டிரைவ், லேப்டாப்

மெமரி கார்டும் பென்டிரைவும் பெரும்பாலும் பூட்டில்லாத குடோன்கள்தான். விலை குறைவு, அதனால் விற்காமலிருப்பதே நல்லது. வேண்டாம் என்றால் கட்டிங் பிளேயரால் நடுவே உடைத்துப் போடுங்கள். ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோக என்று தனியாக ஒரு பென்டிரைவ் வைத்துக்கொண்டு, பிரின்ட் எடுக்க வேண்டிய பைலை மட்டும் அதில் போட்டுப் போங்கள். கடைக் கம்ப்யூட்டரில் உங்கள் மெயிலையோ டிஜிலாக்கரையோ திறந்திருந்தால், எழுந்து வரும் முன் லாக் அவுட் செய்து, டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலும் ரீசைக்கிள் பின்னிலும் உள்ள உங்கள் பைல்களை நீக்குங்கள்.

2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்த லேப்டாப்கள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. அக்கா படித்து முடித்ததும் தம்பிக்கு வரும், பிறகு பழுதாகி மூலையில் கிடக்கும். வெளியே கொடுக்கும் முன் உள்ளே இருப்பது சுற்றும் தட்டு உள்ள ஹார்ட் டிஸ்கா, எஸ்எஸ்டியா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். ஹார்ட் டிஸ்க் என்றால் முழு டிஸ்க்கின் மேலும் ஒரு முறை புதுத் தகவலை எழுதினால் போதும். ஏழு முறை எழுத வேண்டும் என்பது பழைய கதை. விண்டோஸ் 10, 11-ல் "ரீசெட் திஸ் பிசி" போய் "ரிமூவ் எவ்ரிதிங்" கொடுக்கும்போது, செட்டிங்ஸை மாற்றி டிரைவைச் சுத்தம் செய்யும் வசதியையும் ஆன் செய்யுங்கள். நேரம் பிடிக்கும். இரவில் சார்ஜரில் போட்டு விடுங்கள்.

எஸ்எஸ்டி கதை வேறு. அதற்குள் இருக்கும் கட்டுப்பாட்டு சிப் எந்தத் தகவலை எங்கே எழுதுவது என்பதைத் தானே முடிவு செய்கிறது. நாம் மேலே எழுதினாலும் பழையது வேறொரு மூலையில் தங்கிவிடலாம். இதற்காகவே டிரைவுக்குள் "செக்யூர் எரேஸ்" என்ற கட்டளை உண்டு. பல லேப்டாப்களில் பயாஸ் மெனுவிலோ, டிரைவ் நிறுவனத்தின் சாப்ட்வேரிலோ இது கிடைக்கும். சில சமயம் "டிரைவ் ஃப்ரோசன்" என்று வந்து கட்டளையை ஏற்காது. வைரஸ் ஏதாவது நுழைந்து உங்கள் டிஸ்கை அழித்துவிடாமல் இருக்க, கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே பயாஸ் அந்தக் கட்டளையைப் பூட்டி வைக்கிறது. அது பழுது இல்லை. விவரம் தெரிந்த மெக்கானிக்கை உங்கள் கண் முன்னே செய்யச் சொல்லுங்கள்.

ரிப்பேருக்குக் கொடுக்கும்போது

டிஸ்ப்ளே மாற்றவும் பேட்டரி மாற்றவும் உங்கள் பின் நம்பர் தேவையில்லை. "செக் பண்ணணும், லாக்கை எடுத்துடுங்க" என்றால், கூடவே நின்று நீங்களே திறந்து காட்டுங்கள். பல சாம்சங் போன்களில் "மெயின்டெனன்ஸ் மோட்" என்றும், கூகுள் பிக்சலில் "ரிப்பேர் மோட்" என்றும் ஒரு வசதி இருக்கிறது. ஆன் செய்தால் மெக்கானிக்கால் போனைச் சோதிக்க முடியும், உங்கள் போட்டோவையோ மெசேஜையோ பார்க்க முடியாது. அந்த வசதி இல்லாத போனை இரண்டு மூன்று நாள் விட்டு வர வேண்டியிருந்தால், பேக்கப் எடுத்து ரீசெட் செய்து கொடுப்பதே பாதுகாப்பு.

போன் தொலைந்துவிட்டால்: எது முதலில்?

சங்ககிரி, நாமக்கல் லாரிகளும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளும் போகாத மாநிலம் இல்லை. டோல்கேட்டிலோ தாபாவிலோ ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி போன் தொலைந்தால் என்ன செய்வீர்கள்? இங்கே வரிசைதான் முக்கியம்.

முதலில் பூட்டுங்கள். கிளீனரின் போனையோ வீட்டில் உள்ளவர்களின் போனையோ வைத்து கூகுளின் "ஃபைண்ட் ஹப்" ஆப்பில் உங்கள் கணக்கால் நுழைந்து போனை லாக் செய்யுங்கள். முன்பு இதற்கு "ஃபைண்ட் மை டிவைஸ்" என்று பெயர். ஐபோன் என்றால் "லாஸ்ட் மோட்". போன் எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள்.

அடுத்து, கிடைக்க வழியில்லை என்று தோன்றினால் அங்கிருந்தே "எரேஸ்" கட்டளையைக் கொடுங்கள். போனில் நெட் இருந்தால் உடனே அழியும். இல்லையென்றால் எப்போது நெட் வருகிறதோ அப்போது அழியும். ஆண்ட்ராய்டு போனை அழித்தபின் அது இருக்கும் இடம் உங்களுக்குத் தெரியாது.

மூன்றாவதுதான் சிம்மை பிளாக் செய்வது. பலரும் இதைத்தான் முதலில் செய்கிறார்கள். சிம் பிளாக் ஆனால் போனுக்கு நெட் போய்விடும், அழிக்கச் சொன்ன கட்டளை போய்ச் சேராது. அதற்காக மணிக்கணக்கில் காத்திருக்கவும் கூடாது. உங்கள் நம்பருக்கு வரும் ஓடிபி திருடன் கையில் இருக்கிறது. பத்து நிமிடத்தில் மேலே சொன்னது முடியவில்லை என்றால் விட்டுவிட்டு சிம்மை பிளாக் செய்யுங்கள். கையோடு பேங்கிற்கும் சொல்லி யுபிஐயை நிறுத்துங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930.

நான்காவது, காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். அதே நம்பரில் டூப்ளிகேட் சிம் எடுங்கள். புது சிம்மில் எஸ்எம்எஸ் வர 24 மணி நேரம் வரை ஆகலாம்.

ஐந்தாவது, மத்திய தொலைத்தொடர்புத் துறையின் "சஞ்சார் சாத்தி" தளத்திலோ ஆப்பிலோ போய் ஐஎம்இஐ எண்ணை பிளாக் செய்யுங்கள். புகார் ரசீது, ஐஎம்இஐ எண், அடையாள அட்டை தேவை. 2019-ல் மகாராஷ்டிரா உள்ளிட்ட சில இடங்களில் தொடங்கிய இந்தச் சேவை 2023 மே மாதம் நாடு முழுவதும் வந்தது. பதிவு செய்ததும் ஒரு ரிக்வெஸ்ட் ஐடி தருவார்கள். போன் திரும்பக் கிடைத்தால் அதை வைத்தே பிளாக்கை நீக்கலாம்.

இதில் ஒரு விஷயத்தைத் தப்பாகப் புரிந்துகொள்ளாதீர்கள். ஐஎம்இஐ பிளாக் ஆனால் அந்தப் போனில் எந்த சிம்மும் வேலை செய்யாது. ஆனால் உள்ளே இருக்கும் போட்டோ, பைல் எதுவும் அழியாது. வைஃபையில் போனை இயக்கவும் முடியும். பிளாக் செய்வது வேறு, அழிப்பது வேறு. இரண்டையும் செய்தால்தான் வேலை முடிந்தது.

இன்றைக்கே ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள்

போன் தொலைந்த பிறகு இந்த வசதிகளை ஆன் செய்ய முடியாது. அதனால் இப்போதே:

• "ஃபைண்ட் ஹப்" ஆன் செய்யப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.
• கூகுள் கணக்கின் பேக்கப் கோடுகள் பத்தையும் தாளில் எழுதி வீட்டில் வையுங்கள். தொலைந்த போனுக்கே ஓடிபி போனால், உள்ளே நுழைய இதுதான் வழி.
• சிம் லாக் போடுங்கள். சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டாலும் பின் கேட்கும். மூன்று முறை தப்பாகப் போட்டால் பியுகே எண் கேட்கும், அதனால் பின்னை மறக்காதீர்கள்.
• ஐஎம்இஐ எண்ணை வீட்டு டைரியில் எழுதுங்கள்.
• லைசென்ஸ், ஆர்சி இரண்டையும் டிஜிலாக்கரில் சேருங்கள். போன் போனாலும் வேறு போனில் திறந்து காட்டலாம்.

எப்போது அழிக்கக் கூடாது?

யாராவது உங்களை ஏமாற்றியிருந்தால், மிரட்டியிருந்தால், அந்த மெசேஜும் கால் பதிவும்தான் உங்கள் சாட்சி. பயந்துபோய் ரீசெட் செய்துவிடாதீர்கள். புகார் கொடுத்து, போலீசார் சொன்ன பிறகு முடிவு செய்யுங்கள். உங்கள் மேல் வழக்கோ விசாரணையோ இருக்கும்போது அழித்தால், சாட்சியத்தை அழித்ததாகத் தனிக் குற்றமே ஆகிவிடும்.

வாசகர்கள் கேட்கக்கூடிய சில கேள்விகள்

போன் செத்துப்போச்சு, ஆன் ஆகவில்லை. எப்படி ரீசெட் செய்வது?
டிஸ்ப்ளே மட்டும் போயிருந்தால், கடையில் வேறு டிஸ்ப்ளே இணைத்து ரீசெட் செய்யலாம். முழுதும் செத்துவிட்டால் சிம், மெமரி கார்டைக் கழற்றிவிட்டு, பதிவு பெற்ற மின்னணுக் கழிவு மறுசுழற்சி நிறுவனத்திடமோ, பழைய போனைத் திரும்பப் பெறும் நிறுவன மையத்திடமோ கொடுங்கள். வீட்டில் சுத்தியலால் அடிக்கவோ, துளை போடவோ கூடாது. பேட்டரி தீப்பிடிக்கும்.

செகண்ட் ஹேண்ட் போன் வாங்கப் போகிறேன். திருட்டுப் போனா என்று எப்படித் தெரியும்?
கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அடித்து, ஓர் இடைவெளி விட்டு, ஐஎம்இஐ எண்ணைப் போட்டு 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். பிளாக் ஆன எண் என்று வந்தால் வாங்காதீர்கள். திருட்டுப் போன் என்று தெரிந்தே வாங்குவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66பி பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

விற்ற போனில் இருந்து என் போட்டோவை எடுத்து மிரட்டுகிறார்கள். என்ன செய்வது?
பணம் கொடுக்காதீர்கள். மெசேஜை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்து, தேசிய சைபர் கிரைம் இணையதளத்திலோ மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலோ புகார் கொடுங்கள். தப்பு மிரட்டுபவர் மேல்தான், உங்கள் மேல் இல்லை.

குறித்துக்கொள்ள வேண்டிய எண்கள்

சைபர் நிதி மோசடி: 1930
ஆதார் உதவி: 1947
ஐஎம்இஐ சரிபார்ப்பு எஸ்எம்எஸ்: 14422
ஐஎம்இஐ எண் பார்க்க: *#06#

இந்தப் பக்கத்தை வீட்டில் உள்ள பெரியவர்களுக்கும் காட்டுங்கள். அடுத்த முறை மைக் சத்தம் வீதியில் கேட்கும்போது, குடத்தை வாங்கும் முன் போனை ரீசெட் செய்தாச்சா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.